கல்லூரி வகுப்பில் குழுவழிக் கற்றல்: முதன்முறையாகத் தொடங்கும் ஆசிரியருக்கு

ஆறு பேருக்குச் சேர்த்து ஓர் ஒப்படைப்பு கொடுக்கிறோம். ஒருத்தி இரவு கண்விழித்து எழுதுகிறாள். ஒருவன் அட்டை போட்டுக் கொண்டுவருகிறான். மற்ற நால்வரும் முதல் பக்கத்தில் பெயர் எழுதுகிறார்கள். மதிப்பெண் மட்டும் ஆறு பேருக்கும் ஒன்றே. கல்லூரியில் படித்த யாருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. "குழுவாகச் செய்யுங்கள்" என்றதும் நன்றாகப் படிக்கும் மாணவர்களின் முகம் சுருங்குவது இதனால்தான். அதில் நியாயம் இருக்கிறது. பிரித்துக்கொள்ளக்கூடிய வேலையைக் குழுவிடம் கொடுத்தால், குழு அதைப் பிரித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் யாராவது ஒருவர் தலையில் கட்டிவிடும்.

குழுவழிக் கற்றலில் குழுவுக்கு எழுதும் வேலை கிடையாது. படித்துவிட்டு வந்து, பேசி, ஒரு முடிவெடுக்க வேண்டும். முடிவை ஆறாகப் பிரித்து வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. இந்த ஒரு சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டால் மற்ற படிகளெல்லாம் ஏன் இருக்கின்றன என்பது தானாகப் புரியும்.

நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இளநிலை வேதியியல் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். வகுப்பில் 60 பேர், நகர்த்த முடியாத பெஞ்சுகள், 50 நிமிடப் பாடவேளை. அந்த வகுப்பறையை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். "எங்கள் வகுப்பு பெரியது, இதெல்லாம் நடக்காது" என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி: பெரிய வகுப்பைச் சமாளிக்கத்தான் இந்த முறையே பிறந்தது. அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் மேலாண்மைப் பாடம் நடத்திய லாரி மைக்கேல்சன், 1970களின் பிற்பகுதியில், 40 பேராக இருந்த தன் வகுப்பு 120 பேராகப் பெருகியபோது இதை உருவாக்கினார். பிறகு மருத்துவக் கல்லூரிகள் இதை விரும்பி எடுத்துக்கொண்டன. சிங்கப்பூரின் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி 2007இல் முதல் மாணவர்களைச் சேர்த்ததிலிருந்தே இந்த வழியில்தான் கற்பிக்கிறது.

ஓர் அலகு போதும், கடைசியிலிருந்து தொடங்குங்கள்

முதல் பருவத்திலேயே முழுத் தாளையும் மாற்ற முயல வேண்டாம். ஐந்து அலகுகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் படித்தால் பாதியாவது புரியும் என்று நீங்கள் நம்பும் அலகாக அது இருக்கட்டும். குவாண்டம் வேதியியலில் தொடங்காதீர்கள்.

அலகை எடுத்ததும் நாம் வழக்கமாகக் கேட்டுக்கொள்வது "எதையெல்லாம் நடத்த வேண்டும்?" என்பது. இங்கே கேட்க வேண்டியது வேறு: "இந்த அலகைப் படித்த ஒருவர் எந்த முடிவை எடுக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்?" அந்த முடிவைக் கேள்வியாக எழுதுங்கள். பிறகு, அதற்கு என்னென்ன அடிப்படைகள் தெரிந்திருக்க வேண்டும் என்று பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியலிலிருந்து முன்வாசிப்பைத் தேர்ந்தெடுங்கள். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வரும்போது, பழக்கத்தால் மட்டுமே நடத்திக்கொண்டிருந்த பல பக்கங்கள் உதிர்ந்துவிடும்.

நீர் வேதியியல் அலகுக்கு நான் எழுதியது இது. தருமபுரி மாவட்டத்தில் 300 வீடுகள் கொண்ட ஒரு கிராமம். கிராமமும் எண்களும் கற்பனை. அந்த வட்டாரத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பது உண்மை. ஊராட்சியின் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதித்தார்கள். லிட்டருக்கு ஃபுளோரைடு 2.6 மில்லிகிராம், மொத்தக் கரைதிண்மம் 850, கடினத்தன்மை 420, நைட்ரேட் 30. கிருமிகள் இல்லை. ஊராட்சியிடம் ஒரே ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது. எதைச் செய்யச் சொல்வீர்கள்?

அ. வீடுதோறும் நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி விழிப்புணர்வு செய்வது.
ஆ. படிகாரம், சுண்ணாம்பு சேர்த்து வீழ்படிவாக்கும் பொதுத் தொட்டி கட்டுவது.
இ. குழாயடியில் கிளர்வூட்டிய அலுமினா வடிகட்டி பொருத்துவது.
ஈ. கிணற்று நீரைப் புழக்கத்துக்கு விட்டுவிட்டு, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வெளியிலிருந்து நீர் கொண்டுவருவது.

நல்ல கேள்விக்கு அடையாளம்

இந்த முறையில் ஆசிரியரின் உழைப்பில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியில்தான் போகும். போகவும் வேண்டும். கேள்வி சப்பென்று இருந்தால், குழு எவ்வளவு நன்றாக அமைந்தாலும் ஐந்து நிமிடத்தில் பேச்சு சினிமாவுக்குத் திரும்பிவிடும்.

இந்த முறையைக் கையாளுபவர்கள் நான்கு நிபந்தனைகள் சொல்வார்கள். பிரச்சினை பொருட்படுத்தத் தக்கதாக இருக்க வேண்டும். எல்லாக் குழுக்களுக்கும் ஒரே பிரச்சினையைக் கொடுக்க வேண்டும். குழு ஒன்றைத் திட்டவட்டமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாக் குழுக்களும் ஒரே நொடியில் விடையைக் காட்ட வேண்டும்.

இரண்டாவது நிபந்தனையில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். "குழு ஒன்றுக்குக் கடினநீர், குழு இரண்டுக்கு ஃபுளோரைடு" என்று தலைப்பைப் பங்கிட்டுக் கொடுப்பது நமக்குக் கைவந்த பழக்கம். அப்படிச் செய்தால் ஒரு குழு பேசும்போது மற்றக் குழுக்களுக்கு அதைக் கேட்கக் காரணமே இல்லை. ஒரே கேள்வியில் தாமும் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள்தான் அடுத்த குழுவின் விடையைக் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

நான்கு விருப்பங்களில் ஒன்றாவது, படிக்காதவரை ஈர்க்கும் தவறாக இருக்கட்டும். மேலே உள்ளதில் 'அ' அப்படிப்பட்டது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், பைகார்பனேட் உப்புகளால் வரும் தற்காலிகக் கடினத்தன்மை நீங்கும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகும் அளவுக்கு அதன் செறிவு கூடத்தான் செய்யும். மற்ற மூன்றும் வாதாடத் தக்கவை. 'ஆ' என்பது நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறை. செலவு குறைவு; ஆனால் சேறு சேரும், நீரில் அலுமினியம் தங்கும் அபாயமும் உண்டு. 'இ' நன்றாக வேலை செய்யும். ஆனால் அலுமினாவை அவ்வப்போது காரமும் அமிலமும் கொண்டு புதுப்பிக்க வேண்டும், அதை ஊரில் யார் செய்வார்கள்? 'ஈ' வேதியியலைத் தாண்டி வெளியே போகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட மாணவர் அங்கே பேசத் தொடங்குவார்.

குழுவை நீங்களே அமையுங்கள், எல்லோர் கண்ணெதிரிலும்

முதல் தடவை நான் மாணவர்களையே குழு சேர்ந்துகொள்ளச் சொன்னேன். அது பெரிய பிழை. ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள் ஒரு குழு, விடுதிப் பிள்ளைகள் ஒரு குழு, ஆங்கிலவழியில் படித்தவர்கள் ஒரு குழு என்று வகுப்பு ஏற்கெனவே எங்கெங்கே பிளந்திருந்ததோ அங்கெல்லாம் சரியாகப் பிளந்தது. ஊரும் சாதியும்கூட அந்தக் கோடுகளில் ஒளிந்திருப்பதை நாம் பார்க்காததுபோல் இருக்கக் கூடாது. யாரும் கூப்பிடாமல் கடைசியில் மிஞ்சிப்போன மூன்று பேரின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இப்போது செய்வது இப்படி. முதல் நாள் வகுப்பை வராந்தாவில் நிற்கவைக்கிறேன். "பள்ளியில் முழுக்கத் தமிழ்வழியில் படித்தவர்கள் வரிசையின் முன்னால் வாருங்கள். அடுத்து, மேல்நிலையில் உயிரியல் எடுத்தவர்கள். அடுத்து, வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர் குடிப்பவர்கள்." இப்படி ஒரே வரிசையாக நின்றதும், ஒன்று முதல் பத்து வரை திரும்பத் திரும்ப எண்ணச் சொல்கிறேன். ஒரே எண் சொன்னவர்கள் ஒரு குழு. 60 பேருக்கு, ஆறு பேர் கொண்ட பத்துக் குழுக்கள். ஐந்துக்குக் குறைந்தால் அறிவு போதாது. ஏழைத் தாண்டினால் ஒருவர் ஒதுங்கி உட்கார இடம் கிடைத்துவிடும். எண்ணியது அவர்களே என்பதால், பிறகு "சார் வேண்டுமென்றே போட்டார்" என்ற பேச்சு எழுவதில்லை.

கேட்கும் கேள்விகளைப் பார்த்துக் கேளுங்கள். மதிப்பெண், குடும்ப வருமானம், 'அரியர்' இதையெல்லாம் எல்லோர் முன்னாலும் கேட்கக் கூடாது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் என்று உட்காரும் வகுப்பானால், ஒரு குழுவில் ஒரே ஒரு பெண்ணோ ஒரே ஒரு ஆணோ தனித்து விடப்படாமல் கவனியுங்கள்.

அமைத்த குழு பருவம் முடியும்வரை மாறக் கூடாது. இரண்டு வாரத்தில் யாராவது வந்து மாற்றச் சொல்வார்கள். பொறுக்கச் சொல்லுங்கள். ஒருவர் பேச்சை ஒருவர் மறுக்கும் துணிவு பழகிய பிறகுதான் வரும். உண்மையான துன்புறுத்தல் நடந்தால் அது வேறு. உடனே தலையிட்டு மாற்றிவிடுங்கள்.

பெஞ்சுகளை நகர்த்த முடியாது என்பது தடையே இல்லை. முன் பெஞ்சில் மூவர், பின் பெஞ்சில் மூவர். பேசும் நேரம் வந்ததும் முன்னால் இருப்பவர்கள் திரும்பி உட்கார்ந்தால் குழு தயார்.

முன்வாசிப்பு

எட்டு முதல் பத்துப் பக்கம் போதும். ஒரு வாரம் முன்னதாகக் கொடுங்கள். நாற்பது பக்கம் கொடுத்தால் ஒருவரும் தொடமாட்டார்கள். ஆங்கிலப் பாடப்பகுதியோடு தமிழில் இரண்டு பக்கக் குறிப்பும் சேர்த்துக் கொடுத்தால், தமிழ்வழியில் வந்தவர்கள் முதல் தேர்விலேயே மனம் உடைந்துபோக மாட்டார்கள். செல்பேசி இல்லாத மாணவருக்காகத் துறை நூலகத்தில் ஐந்து நகல் வையுங்கள்.

தயார்நிலைத் தேர்வு: ஒரே வினாத்தாள், இரண்டு முறை

அலகின் முதல் வகுப்பு விரிவுரை அல்ல, தேர்வு. பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். முதலில் ஒவ்வொருவரும் தனியாக எழுதித் தாளைக் கொடுத்துவிட வேண்டும். உடனே அதே வினாத்தாளைக் குழுவாகச் சேர்ந்து எழுத வேண்டும். நேரத்தை நான் இப்படிப் பகிர்கிறேன்: வருகைப்பதிவுக்கு 5 நிமிடம், தனித்தேர்வு 12, குழுத்தேர்வு 18, மேல்முறையீடு 5, என் விளக்கம் 10.

குழுத்தேர்வில் விடை சரியா தவறா என்பது அந்தந்த நொடியிலேயே தெரிய வேண்டும். இது மிக முக்கியம். வெளிநாடுகளில் இதற்கென்றே சுரண்டும் அட்டைகள் வந்தன. ரைடர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் எப்ஸ்டீன் உருவாக்கியவை. சரியான கட்டத்தைச் சுரண்டினால் நட்சத்திரம் தெரியும். முதல் சுரண்டலிலேயே கிடைத்தால் 4 மதிப்பெண், இரண்டாவதில் 2, மூன்றாவதில் 1. நாமே செய்துகொள்ளலாம். கட்டங்கள் அச்சிட்ட தாளில் சரியான கட்டங்களில் புள்ளி வைத்து, மேலே ஒளி ஊடுருவும் டேப் ஒட்டி, அதன்மேல் வெள்ளி நிற அக்ரிலிக் வண்ணம் இரண்டு பங்கும் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு பங்கும் கலந்து பூசிக் காயவிட்டால், நாணயத்தால் சுரண்டலாம். பத்துக் குழுவுக்கு 400 கட்டங்கள். ஒரு மாலை முழுக்கப் பிடிக்கும். அவ்வளவு நேரம் இல்லையென்றால், ஒவ்வொரு கட்டத்தின் மேலும் சிறு காகிதத் துண்டை ஒட்டிக் கிழிக்கச் சொன்னாலும் போதும்.

அந்தப் பதினெட்டு நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு குழுவின் அருகே நின்று பாருங்கள். "நீரைக் கொதிக்கவைப்பதால் நீங்குவது எது?" என்பது ஒரு கேள்வி. ஃபுளோரைடு, தற்காலிகக் கடினத்தன்மை, நிரந்தரக் கடினத்தன்மை, நைட்ரேட் என்று நான்கு விடைகள். ஒரு குழுவில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கும் மாணவர் 'நிரந்தரக் கடினத்தன்மை' என்றார். அவர் சொன்னதால் மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஓரத்தில் இருந்த ஒரு பெண் மிக மெதுவாகச் சொன்னார்: "எங்கள் வீட்டில் வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது பைகார்பனேட் பிரிந்து வந்த கார்பனேட்தானே? அப்படியானால் தற்காலிகம்தான் போகும்." யாரும் காதில் வாங்கவில்லை. முதல் கட்டத்தைச் சுரண்டினார்கள். வெற்றிடம். ஐந்து தலைகளும் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பின. அடுத்த கேள்விக்கு அவரிடம்தான் முதலில் கேட்டார்கள். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உடனடி விடைக்கு இருக்கும் சக்தி இதுதான். ஒரு வாரம் கழித்துத் தாளைத் திருத்திக் கொடுத்திருந்தால் அந்தத் திருப்பம் நிகழ்ந்திருக்காது.

வினாத்தாள் ஆங்கிலத்தில் இருந்தாலும் குழுப் பேச்சு தமிழில் நடக்கட்டும். தடுக்காதீர்கள். சிந்திப்பது சொந்த மொழியில்தான் ஓடும். கலைச்சொல் ஆங்கிலத்தில் வந்து உட்காரும்.

தேர்வு முடிந்ததும், ஒவ்வொரு குழுவிலும் தனித்தேர்வில் வந்த மிக உயர்ந்த மதிப்பெண்ணையும், குழு முதல் முயற்சியிலேயே சரியாகச் சொன்ன விடைகளின் எண்ணிக்கையையும் பெயர் குறிப்பிடாமல் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். என் வகுப்பில் பெரும்பாலும் குழுவே முந்துகிறது. "என்னால் தனியாகவே முடியும்" என்று இருந்த மாணவர்களை அந்தப் பலகை மாற்றியதுபோல் எந்த அறிவுரையும் மாற்றவில்லை.

மேல்முறையீடு

தவறவிட்ட கேள்விக்காகக் குழு வாதாடலாம். புத்தகத்தைத் திறந்து, சான்று காட்டி, எழுத்தில் கொடுக்க வேண்டும். கேள்வி குழப்பமானது என்றால் அதைத் திருத்தி எழுதியும் காட்ட வேண்டும். வென்றால் அந்தக் குழுவுக்கு மட்டும் மதிப்பெண்.

ஒருமுறை நான் இப்படிக் கேட்டிருந்தேன்: "குடிநீரில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கலாம்?" விடைக்குறிப்பில் 1.0 என்று வைத்திருந்தேன். நான்காவது குழு எழுதிக் கொடுத்தது: இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 10500 இரண்டு எண்களைத் தருகிறது. ஏற்கத்தக்க வரம்பு 1.0. வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கப்படும் வரம்பு 1.5. 'இருக்கலாம்' என்ற சொல் இரண்டில் எதைக் குறிக்கிறது என்று கேள்வியில் இல்லை. அவர்கள் சொன்னது முற்றிலும் சரி. மதிப்பெண் கொடுத்தேன். தரநிலையின் அந்தப் பக்கத்தை அவ்வளவு நுணுக்கமாக இதற்குமுன் எந்த மாணவரும் என் வகுப்பில் படித்ததில்லை. ஆசிரியர் தோற்பது தெரிந்தால் மரியாதை போய்விடும் என்று அஞ்ச வேண்டாம்; கூடத்தான் செய்கிறது.

எல்லாக் குழுக்களும் தடுமாறிய ஓரிரு இடங்களை மட்டும் கடைசிப் பத்து நிமிடத்தில் விளக்குங்கள். ஏற்கெனவே தெரிந்ததை மறுபடி நடத்தினால், அடுத்த முறை யாரும் படித்துவிட்டு வரமாட்டார்கள்.

முடிவெடுக்கும் வகுப்பு

அடுத்த பாடவேளையில் அந்தக் கிராமக் கேள்வி. முடிந்தால் துறைத்தலைவரிடம் பேசி இரண்டு பாடவேளைகளை அடுத்தடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். 20 நிமிடம் குழுக்கள் பேசும். அப்போது நீங்கள் செய்ய வேண்டிய கடினமான வேலை, வாயைத் திறக்காமல் இருப்பது. யாராவது "இது சரியா?" என்று கேட்டால், "உங்கள் குழு என்ன நினைக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள்.

நான்கு நிறச் சார்ட் தாளில் அ, ஆ, இ, ஈ என்று எழுதிய அட்டைகளை ஒவ்வொரு குழுவிடமும் முன்பே கொடுத்திருக்க வேண்டும். நான் கைதட்டியதும் பத்துக் குழுக்களும் ஒன்றாகத் தூக்க வேண்டும். ஒவ்வொருவராகச் சொல்லவிட்டால் மூன்றாவது குழுவிலிருந்து எல்லோரும் முதல் குழுவின் விடையையே சொல்வார்கள். ஒன்றாகத் தூக்கும்போது நான்கு பச்சை, மூன்று மஞ்சள், மூன்று நீலம் என்று வகுப்பு பிளந்து நிற்பது எல்லோர் கண்ணிலும் படும். தனித்து நிற்கும் குழுவை முதலில் கேளுங்கள். பிறகு எதிரணியை. கடைசியில், "மாற விரும்புகிறவர்கள் மாறலாம்" என்று மறுபடி தூக்கச் சொல்லுங்கள்.

'இ' என்று வாதாடிய குழுவிடம் இன்னொரு குழு கேட்டது: "வடிகட்டியைப் புதுப்பிக்கும் காரத்தை எங்கே கொட்டுவீர்கள்? அதில்தானே அத்தனை ஃபுளோரைடும் இருக்கும்?" இந்தக் கேள்வி என் குறிப்பேட்டில் இல்லை.

மதிப்பெண்ணும் சக மாணவர் மதிப்பீடும்

இணைப்புக் கல்லூரிகளில் பெரும்பாலும் அகமதிப்பீட்டுக்கு 25, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75 என்று இருக்கிறது. அந்த 25க்குள் ஒப்படைப்பு, கருத்தரங்கு என்று வரும் பகுதியில் இதைச் சேர்க்கலாம். பருவத்தின் தொடக்கத்திலேயே துறைத்தலைவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். தனித்தேர்வு, குழுத்தேர்வு, முடிவெடுக்கும் வகுப்பு ஆகிய மூன்றுக்கும் என்ன பங்கு என்பதை முதல் வாரமே அறிவியுங்கள். தனித்தேர்வுக்கு மதிப்பெண் இல்லையென்றால் படிக்காமல் வருவார்கள். குழுத்தேர்வுக்கு இல்லையென்றால் பேசமாட்டார்கள்.

சக மாணவர் மதிப்பீட்டுக்கு மைக்கேல்சன் வழி ஒன்று உண்டு. ஆறு பேர் குழுவில் ஒவ்வொருவரும் மற்ற ஐவருக்கும் 50 புள்ளிகளைப் பகிர வேண்டும். எல்லோருக்கும் பத்துப் பத்து போட முடியாது. ஒருவருக்காவது 11 அல்லது அதற்கு மேல், ஒருவருக்காவது 9 அல்லது அதற்குக் கீழ் கொடுத்தாக வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இது முதலில் மிகவும் வலிக்கும். "நான் எப்படி அவனைக் குறைத்துப் போடுவது?" என்று ஒரு மாணவர் என் அறைக்கு வந்து கண் கலங்கினார். ஆகவே முதல் பருவத்தில் புள்ளிகளை விட்டுவிடுங்கள். நடுவில் ஒருமுறை, பெயரில்லாத தாளில் ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டே வாக்கியங்கள் எழுதச் சொல்லுங்கள்: "இவர் செய்ததில் எனக்கு உதவியது", "இனி இவர் செய்தால் குழுவுக்கு நல்லது". நீங்கள் படித்து, புண்படுத்தும் வரிகளை நீக்கி, தட்டச்சு செய்து கொடுங்கள். கையெழுத்து தெரியக் கூடாது. "நீ பேசுவது சரியாக இருக்கிறது, இன்னும் சத்தமாகப் பேசு" என்ற ஒரு வரியை ஒரு மாணவி தன் குறிப்பேட்டின் உள்ளட்டையில் ஒட்டி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தேர்வுத் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள்

பாடம் முடிந்ததும் ஒவ்வொரு கேள்விக்கும் தனியாக எத்தனை பேர், குழுவாக எத்தனை குழுக்கள் சரியாகச் சொன்னார்கள் என்று எண்ணிக் குறித்து வையுங்கள். தனித்தேர்விலேயே எல்லோரும் சரியாக எழுதிய கேள்வியில் பேச ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு நீக்கிவிடலாம். தனியாகப் பாதிப்பேர் தவறி, குழுவாக எல்லோரும் தேறிய கேள்வியைப் பொன்போலக் காப்பாற்றுங்கள். குழுவாகவும் தவறியது என்றால் வாசிப்பிலோ கேள்வியிலோ கோளாறு.

நான்காவது குழு வென்ற அந்தக் கேள்வியை இப்போது அவர்கள் திருத்திக் கொடுத்த வடிவத்திலேயே வைத்திருக்கிறேன்: "வேறு நீராதாரம் இல்லாத ஓர் ஊரில், ஐஎஸ் 10500 குடிநீரில் அனுமதிக்கும் ஃபுளோரைடின் உச்ச அளவு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்?"